எட்டு வேண்டாம் டீச்சர், ஒன்று போதும்

கேள்வி:

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளியிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஒரு சிறிய காடு இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துவர அதற்கு உரியவர்கள் அனுமதி தந்துவிட்டார்கள். வகுப்பில் 36 பேர், உடன் வர ஆசிரியர்கள் 3 பேர். காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை ஒருநாள் நிகழ்ச்சியாகத் திட்டமிட்டிருக்கிறேன். குடில் கட்டுதல், முடிச்சுப் போடுதல், தீ மூட்டுதல், கத்தியால் குச்சி சீவுதல், திசை அறிதல், இலை அடையாளம், பறவை பார்த்தல், புதையல் வேட்டை என்று மொத்தம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். கத்தி, தீ என்றதும் சில பெற்றோர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். வகுப்பில் ஒரு பையன் ஐந்து நிமிடம்கூட ஓரிடத்தில் உட்காரமாட்டான். அவனை மட்டும் பள்ளியிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் தலைமையாசிரியர். என் திட்டம் சரியா? கத்தியும் தீயும் இந்த வயதுக்கு ஏற்றவையா? அந்தப் பையனை என்ன செய்வது? மழை வந்தால் ரத்து செய்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் அட்டவணையைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. உங்களைப் பார்த்து அல்ல, என்னை நினைத்து. பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போகும் வேலைக்கு வந்த புதிதில் நானும் இதே மாதிரி ஒன்று போட்டேன். நாற்பது பிள்ளைகள், ஆறு இடங்கள், 25 நிமிடத்துக்கு ஒரு விசில். குடில் பகுதியில் ஒரு சிறுமி, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கம்பைக் கட்டப் போராடிக்கொண்டிருந்தாள். மூன்று முறை அவிழ்ந்து விழுந்தது. நான்காவது முறை நின்றது. அவள் கையை எடுத்த அந்த நொடியில் நான் விசில் ஊதினேன். "நாளைக்கு வந்து மீதியைக் கட்டலாமா சார்?" என்று கேட்டாள். நாளைக்கு வேறு பள்ளி வருகிறது என்று சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: எட்டில் ஐந்தை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் மூன்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒரு நாளை மூன்று அரை நாளாக உடையுங்கள். 36 பேரை 12, 12, 12 என்று பிரித்து ஒவ்வொரு குழுவையும் அதே காட்டுக்கு, அதே இடத்துக்கு மூன்று முறை அழைத்துப்போங்கள். இடைவெளி ஒரு வாரமோ இரண்டு வாரமோ இருக்கலாம். மொத்தம் ஒன்பது அரை நாள் ஆகும். தலைமையாசிரியர் முகம் சுளிப்பார், தெரியும். நடந்துபோகும் தூரத்தில் காடு இருக்கிறது, பேருந்துச் செலவு இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். எத்தனை பெரியவர்கள் கட்டாயம் உடன் இருக்கவேண்டும் என்று உங்கள் பள்ளிக்கு விதி இருக்கும். அதற்கு மேல், 12 பேருக்கு குறைந்தது மூன்று பெரியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் போதவில்லை என்றால் பெற்றோரைக் கூப்பிடுங்கள், முக்கியமாக எதிர்ப்புச் சொல்கிறவர்களை.

சிறு குழு, அதே இடம், திரும்பத் திரும்ப. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமில் இருந்த சிறுவர்களே சுமார் இருபது பேர்தான். அவர்களையும் அவர் நான்கு அணிகளாகப் பிரித்தார். 1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் டென்மார்க் போய், அங்கே சின்னஞ்சிறு குழந்தைகள் தினசரி வாழ்க்கையின் பகுதியாக வெளியில் வளர்வதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதிலிருந்துதான் இங்கிலாந்தில் 'காட்டுப் பள்ளி' என்ற முறை பரவியது. அந்த முறையின் உயிரே ஒருமுறை போய்விட்டு வருவதில் இல்லை, போய்க்கொண்டே இருப்பதில் இருக்கிறது. முதல் முறை பிள்ளைகள் காட்டை வேடிக்கை பார்ப்பார்கள், கத்துவார்கள், ஓடுவார்கள். இரண்டாவது முறைதான் குனிந்து பார்க்க ஆரம்பிப்பார்கள்.

முதல் வருகைக்குக் குடில் மட்டும் போதும். முடிச்சைத் தனிப் பாடமாக நடத்தாதீர்கள், கம்பு நிற்கவேண்டும் என்ற தேவை வரும்போது கற்றுக்கொடுங்கள். கம்பத்தைச் சுற்றிக் குறுக்காக இரண்டு சுற்று, இரண்டாவது சுற்றுக்கு அடியில் நுனியைச் செருகி இழுத்தால் இறுகும். சாரணர்கள் குளோவ் ஹிட்ச் என்பார்கள். இந்த ஒரு கட்டு பத்து வயதுக் குழந்தைக்குப் போதும். இதோடு இன்னும் பத்து முடிச்சு கற்றுக்கொடுத்தால் வீட்டுக்குப் போவதற்குள் பதினொன்றும் மறந்துவிடும்.

குடில் என்பது சாய்ந்த கூரை. இரண்டு கவட்டைக் கொம்புகளின் மேல் ஒரு நீளக் கம்பு, அதன்மேல் சாய்வாக வரிசையாகக் குச்சிகள், மேலே சருகு. பிள்ளைகள் சருகை மேலாகத் தூவிவிட்டு முடிந்தது என்பார்கள். கையை விட்டால் முழங்கை வரை புதைய வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்த பிறகு ஒரு சோதனை வையுங்கள்: நீங்கள் உள்ளே உட்காருங்கள், ஒரு குவளைத் தண்ணீரைக் கூரைமேல் அவர்களே ஊற்றட்டும். சாய்வு செங்குத்தாக இருந்தால் தண்ணீர் வழிந்தோடும், தட்டையாக இருந்தால் உங்கள் தலையில் விழும். கூரைக்கு ஏன் சாய்வு வேண்டும் என்பதை அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் கரும்பலகையில் விளக்க வேண்டியிருக்காது. டீச்சரை நனைக்கும் வாய்ப்புக்காகவே ஓட்டையைத் தேடுவார்கள் என்பது வேறு விஷயம்.

குடிலுக்கு மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். கூரைக்குப் போடும் குச்சி பிள்ளையின் மணிக்கட்டை விடத் தடிமனாக இருக்கக்கூடாது, ஏனென்றால் சரிந்தால் தலையில்தான் விழும். தன் கையை விட நீளமான குச்சியை யாரும் தனியாகத் தூக்கக்கூடாது. ஆளுக்கொரு முனை பிடிக்கவேண்டும், இல்லையென்றால் ஒரு முனை தரையில் இழுபடவேண்டும். தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் திரும்பினால் பின்னால் நிற்பவனின் கண் போகும். பெரியவர் ஒருவர் ஆட்டிப் பார்க்காமல் யாரும் உள்ளே நுழையக்கூடாது. இன்னொன்று, இது விதியல்ல, வேண்டுகோள்: உளுத்துப்போன பழைய கட்டைகளை எடுக்கவேண்டாம். வண்டுப் புழுக்களும் பூரான்களும் காளான்களும் குடியிருக்கும் வீடு அது. புரட்டிப் பார்க்கலாம், பார்த்தபின் இருந்தபடியே மெல்ல வைத்துவிடவேண்டும்.

காட்டுக்கு உரியவர்கள் சம்மதித்தால் குடிலைப் பிரிக்காமல் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது பாதி சரிந்திருக்கும். ஏன் சரிந்தது என்று கூடி நின்று சண்டை போடுவார்கள் பாருங்கள், அதற்கு ஈடான பாடவேளை எனக்குத் தெரிந்து கிடையாது. மூன்றாவது வருகை முடிந்ததும் முழுவதும் பிரித்துச் சருகைப் பரப்பிவிடுங்கள்.

இனி கத்தி. பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைக் கிண்டல் செய்யாதீர்கள். ஆனால் கத்தியே கூடாது என்பதும், முதல் நாளே கத்தி என்பதும் எனக்கு உடன்பாடில்லை. நடுவே ஒரு படி இருக்கிறது: காய்கறித் தோல் சீவும் கருவி. பச்சைக் குச்சியின் பட்டையை அது அழகாகச் சீவும், ஆழமாக வெட்டாது. இரண்டாவது வருகையில் அதைக் கொடுங்கள். உட்காரும் முறை, கை வைக்கும் முறை எல்லாம் கத்திக்கு உள்ளதே இதற்கும். முழங்கால்கள் மேல் முழங்கைகளை ஊன்றி, குச்சியை முழங்காலுக்கு முன்னால் நீட்டிப் பிடித்து, உடம்பிலிருந்து வெளியே நோக்கிச் சீவவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கமாகத் திரும்பிச் சீவலாம். இரண்டு தொடைகளுக்கும் நடுவில் உள்ள இடத்துக்குக் கூர்மையான எதுவும் போகக்கூடாது. தொடையின் உள்பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். காரணம் தெரிந்த விதியை அவர்கள் மீறுவது குறைவு.

குச்சியைப் பிடிக்கும் கைக்குக் கையுறை, கருவி பிடிக்கும் கைக்கு வேண்டாம். கையுறை போட்டால் பிடி வழுக்கும். உட்காருமுன் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக்கூடாது. யாராவது உள்ளே வந்தால் கை நிற்கவேண்டும். கருவிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள், கணக்கு முடியாமல் யாரும் எழுந்திருக்கக்கூடாது.

இதில் நிதானம் காட்டிய பிள்ளைகளுக்கு மூன்றாவது முறையோ அடுத்த பருவத்திலோ உண்மையான கத்தி தரலாம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் என்ற அளவில். மழுங்கின கத்தி பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மழுங்கினால் அழுத்தம் கூடும், அழுத்தினால் நழுவும். கூரான சிறிய கத்திதான் பத்திரம். எல்லாருக்கும் ஒரே நாளில் கத்தி தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தராமலே பருவம் முடிந்தாலும் குறையில்லை.

தீயை மூன்றாவது வருகைக்கு வையுங்கள். கத்தியை விட எனக்குத் தீயில் கவனம் அதிகம், ஏனென்றால் கத்தி கையிலிருந்தால்தான் வெட்டும். முதலில் காட்டுக்கு உரியவர்களிடம் தீக்குத் தனியாக அனுமதி வாங்குங்கள். உள்ளே வர விட்டார்கள் என்பதால் நெருப்பு மூட்டவும் விட்டார்கள் என்று ஆகாது. காய்ந்த காலமாக இருந்தால் அனுமதி இருந்தாலும் வேண்டாம். வெறும் தரையில் மூட்டாதீர்கள். சருகும் வேரும் நிறைந்த மண்ணில் நெருப்பு கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கனன்றுகொண்டே போகும். கால்கள் பொருத்திய இரும்புத் தட்டில் மூட்டினால் அந்தக் கவலை இல்லை.

பெரிய தீ ஒன்றை நீங்கள் மூட்ட, பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டுவது வேண்டாம். இரண்டு இரண்டு பேருக்கு ஒரு சிறிய தகரத் தட்டும் ஒரு உருண்டைப் பஞ்சும் தீக்கோலும் கொடுங்கள். ஒரே சமயத்தில் மூன்று ஜோடிதான் வேலை செய்யவேண்டும், ஜோடிக்கு ஒரு பெரியவர். மற்றவர்கள் அந்த நேரத்தில் சுள்ளி பொறுக்கித் தடிமன்படி அடுக்கட்டும். தீக்கோல் என்பது ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை பெற்ற உலோகக் கலவை, சீரியமும் இரும்பும் சேர்ந்தது. சுரண்டினால் தெறிக்கும் துகள் காற்றில் எரிந்து பொறியாகிறது. சிகரெட் லைட்டரின் கல்லும் அதுதான். தீக்குச்சியை விட இதை நான் விரும்புவதற்குக் காரணம், இது கஷ்டம். ஒரு பிள்ளைக்குப் பற்ற ஐந்து நிமிடம் ஆகும், பக்கத்துப் பிள்ளைக்குக் கால் மணி ஆகும். பெரும்பாலும் எல்லாரும் செய்யும் தவறு, சுரண்டும் தகட்டைப் பஞ்சை நோக்கி வேகமாகத் தள்ளுவது. பஞ்சு சிதறிவிடும். தகட்டை அசையாமல் பஞ்சின் மேலேயே பிடித்துக்கொண்டு கோலைப் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். பஞ்சை உருண்டையாகவே விடாமல் பிய்த்துப் பஞ்சுமிட்டாய் மாதிரி உதிர்த்து வைக்கவேண்டும், நாருக்கு நடுவே காற்று போகவேண்டும். கொஞ்சம் வாஸ்லின் களிம்பு தடவினால் சில நிமிடம் நின்று எரியும்.

தீயருகே சப்பணமிட்டு உட்காரக்கூடாது. ஒரு முழங்காலை ஊன்றி மறு பாதத்தைத் தரையில் வைத்தால் சட்டென்று பின்னால் எழலாம். கூந்தலைக் கட்டி, தொங்கும் துணியைச் செருகிவிடுங்கள். நெருப்பு வட்டத்தைக் குறுக்கே யாரும் கடக்கக்கூடாது, இருக்கைகளின் பின்புறமாகத்தான் சுற்றி வரவேண்டும். இந்தப் பழக்கத்தை நெருப்பே இல்லாத முதல் வருகையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். வாளியில் தண்ணீர் தயாராக இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். பனிக்கட்டியோ வெண்ணெயோ பற்பசையோ கூடாது. காட்டில் குழாய் இருக்காது, ஆகவே அந்த 20 நிமிடத்துக்கு வேண்டிய தண்ணீரைக் கேன்களில் தனியாக எடுத்துப்போங்கள். முடித்த பிறகு தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் அணையவில்லை.

உங்கள் கடிதத்தில் கத்தியும் தீயும் இருந்தன. எனக்கு ஒருமுறை உயிர் போய் வந்தது இரண்டாலும் இல்லை. காற்றே இல்லாத ஒரு காலை நேரம். பிள்ளைகள் எழுந்து கைகழுவப் போன ஐந்து நிமிடத்தில், அவர்கள் உட்கார்ந்திருந்த கட்டையின்மேல் ஒரு பட்ட கிளை விழுந்தது. தரையைப் பார்த்தேன், கருவிகளைப் பார்த்தேன், மேலே பார்க்கவில்லை. அன்றிலிருந்து ஒரு இடத்தில் பையை இறக்கிவைக்கும் முன் அண்ணாந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இலையில்லாமல் நிற்கும் கிளை, முறிந்து பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு தொங்கும் கிளை, அடிமரத்தில் காளான் பூத்த மரம், இவற்றின் கீழே உட்காரும் இடம் வைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பு ஒருமுறை, அன்று காலை பிள்ளைகள் வருமுன் ஒருமுறை நடந்து பாருங்கள். அப்போதே கைபேசிக்குச் சிக்னல் எந்த இடத்தில் வருகிறது, ஆம்புலன்ஸ் எதுவரை வரமுடியும் என்பதையும் பார்த்துத் தாளில் எழுதி ஒவ்வொரு பெரியவர் பையிலும் வைத்துவிடுங்கள். தேனீக் கடிக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளையின் ஊசிமருந்து பள்ளி அலமாரியில் இருந்து பயனில்லை, அந்தப் பிள்ளையோடு நடக்கும் பெரியவரிடம் இருக்கவேண்டும்.

எல்லையை மரங்களில் ரிப்பன் கட்டிக் காட்டுங்கள், பிள்ளைகளையே கூட்டிப்போய்க் கட்டவைத்தால் இன்னும் நல்லது. வழி தவறினால் என்ன செய்வது என்பதை முதல் நாளே ஐந்து நிமிடம் சொல்லிவிடவேண்டும். அமெரிக்காவின் சான் டியாகோ பகுதியில், பாலோமார் மலையில் 1981-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழிதவறி இறந்துபோனான். அதன் பிறகு அங்கே பிள்ளைகளுக்கு 'ஒரு மரத்தைக் கட்டிக்கொள்' என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். தேடி அலையாதே, ஒரு மரத்தடியில் நின்றுவிடு, நாங்கள் வருவோம் என்பதுதான் அதன் பொருள். அலைகிற பிள்ளை, ஏற்கெனவே தேடி முடித்த இடத்துக்குள் போய்விடலாம். விசில் மூன்று முறை ஊதினால் உதவி என்று அர்த்தம்.

அட்டவணையிலிருந்து நீக்கச் சொன்னவற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. புதையல் வேட்டையைப் பள்ளி மைதானத்திலேயே வைத்துக்கொள்ளலாம். பறவைகள், 36 பேர் சத்தம் போடும் இடத்தில் தங்களைக் காட்டிக்கொள்ளாது. திசை அறிதலில் பாசி படர்ந்த பக்கம் வடக்கு என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். பாசிக்குத் திசை தெரியாது, ஈரம்தான் தெரியும். எங்கே நிழலும் ஈரமும் நிற்கிறதோ அங்கே வளரும். தலைமையாசிரியர் 'இதில் பாடம் எங்கே?' என்று கேட்டால் ஒன்று செய்து காட்டுங்கள். கண்ணிலிருந்து நீட்டிய கை முஷ்டி வரை எவ்வளவு தூரமோ அதே நீளத்துக்கு ஒரு குச்சியை முஷ்டிக்கு மேலே தெரியும்படி செங்குத்தாகப் பிடித்து, குச்சியின் அடி மரத்தின் அடியோடும் நுனி உச்சியோடும் பொருந்தும்வரை பின்னால் நடந்தால், நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே மரத்தின் உயரம், தரை சமமாக இருந்தால். கணக்குப் பாடம் முடிந்தது.

அந்தப் பையன். அவனை விட்டுவிட்டுப் போகாதீர்கள். காட்டுக்குப் போவது நல்ல நடத்தைக்குப் பரிசு என்று ஆகிவிட்டால், எந்தப் பிள்ளைக்கு இது அதிகம் தேவையோ அவனே வெளியே நிற்பான். வகுப்பில் உட்காரமாட்டான் என்கிறீர்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குக் காட்டில் யாரையும் நான் உட்காரச் சொல்வதே இல்லை. இழுக்கவும் சுமக்கவும் வேலை இருக்கும்போது அவன் குறையாகச் சொல்லப்பட்டதே பயன்படும். அதற்காக எல்லாப் பிள்ளையும் காட்டில் மாறிவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன். நான் அழைத்துப்போன சிலர் மாறவில்லை, கருவி நேரத்தில் அவர்களை வேறு வேலைக்கு மாற்றினேன். அவனுக்கென்று ஒரு பெரியவர் அருகில் இருக்கட்டும், காவலாக அல்ல, கூட வேலை செய்பவராக. போவதற்கு முந்தின நாள் அவனைத் தனியாக அழைத்து, எல்லை, நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது, கருவிகள் பற்றிய விதிகளை முன்கூட்டியே சொல்லுங்கள். கூட்டத்தில் கேட்கும்போது இரண்டாவது முறையாகக் கேட்பான்.

பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் 'இயற்கையோடு ஒரு நாள்' என்று பூசி மெழுகாதீர்கள். தோல் சீவி, தீக்கோல் என்று பெயர் சொல்லி, எந்த வருகையில், எத்தனை பெரியவர் கண்காணிப்பில் என்று எழுதுங்கள். என்ன ஆபத்து, அதற்கு என்ன ஏற்பாடு, அதையும் மீறி ஏன் செய்கிறோம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். கீறலும் சிராய்ப்பும் நடக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள். அப்படியும் ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்குத் தீ வேண்டாம் என்றால், அந்தப் பிள்ளை சுள்ளியை அடுக்கட்டும், வற்புறுத்தவேண்டாம்.

ஒன்பது அரை நாளுக்கு அனுமதி கிடைக்காமல் ஒரே நாள்தான் என்று முடிவானால், அந்த நாள் முழுவதும் குடில் மட்டும் செய்யுங்கள். காலையில் கட்டட்டும், மதியம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத் திருத்திக் கட்டட்டும்.

மழை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மழைக்காக நான் ரத்து செய்வதில்லை, காற்றுக்காகச் செய்வேன். பெரிய கிளைகள் ஆடத் தொடங்கினால் அன்று காடு கிடையாது, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். இடிச் சத்தம் கேட்டால் உடனே கிளம்பி கட்டடத்துக்குள் போய்விடவேண்டும், மரத்தடி ஒதுங்கும் இடமல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்துதான் மறுபடி வெளியே வரவேண்டும். வெறும் மழை என்றால் இருக்கைகளுக்கு மேல் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் தாழ்வாக. ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு ஜோடி போதும் என்பார்கள். போதாது.